அறிக்கையை ஏலம் விட்ட மூணு தரம்

அரசாங்கத்துக்கு யோசனை சொல்கிறவர்கள் நம் நாட்டில் டீக்கடைக்கு நாலு பேர் இருக்கிறார்கள். ஆனால் அரசாங்கத்துக்குச் சொல்லப்போகிற யோசனையை முதலில் ஏலம் விட்டு, எடுக்க ஆள் இருந்தால் மட்டுமே தபாலில் சேர்த்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் போடிநாயக்கனூர்க்காரர். பெயர், மூணு தரம்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. ரேஷன் கார்டில் இருப்பதாகச் சொல்வார்கள். காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் முதல் கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர் வரை எல்லோருக்கும் அவர் மூணு தரம்தான். ஏலக்காய் ஏல மண்டபத்தில் காலமெல்லாம் விலை கூவியவர். “ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்” என்று சொல்லிச் சொல்லியே தலை நரைத்தவர். ஒருநாள் பஸ் நிலைய டீக்கடையில் என்னிடம், “ரைட்டு மாப்ளே, கெளம்பு” என்று சாதாரணமாகத்தான் சொன்னார். எதிரே நின்ற கம்பம் பஸ், கண்டக்டரைக் கீழே விட்டுவிட்டுக் கிளம்பிப் போய்விட்டது. தொண்டை அப்படி.

மண்டபத்தில் கம்ப்யூட்டர் வந்து, வியாபாரிகள் ஆளுக்கொரு திரையைத் தட்டி விலை கேட்க ஆரம்பித்ததும் மூணு தரத்துக்கு வேலை போனது. வருத்தப்படுவார் என்று நினைத்து ஆறுதல் சொல்லப் போனவர்களுக்கு அவரே காபி வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

“நல்ல மிசினு மாப்ளே. தொண்ட கட்டாது, லீவு கேக்காது. ஒரே ஒரு கொறதான். ரெண்டாவது தரத்துக்கும் மூணாவது தரத்துக்கும் நடுவுல ஆள் மொகத்தப் பாக்காது” என்றார்.

அப்போது எனக்கு இது புரியவில்லை. காபி நன்றாக இருந்தது, குடித்துவிட்டு வந்தேன்.

நான் அந்த நாளில் போடியில் ஒரு கொள்கை ஆய்வு மையத்தில் அறிக்கை எழுதுகிறவனாக இருந்தேன். கொள்கை ஆய்வு என்றதும் கண்ணாடிக் கட்டடம், குளுகுளு அறை என்று நினைத்துவிட வேண்டாம். ஏலக்காய் தரம் பிரிக்கிற ஸ்டோர் ஒன்றின் மாடி அது. கீழே பெண்கள் முறத்தில் காய் புடைக்க, மேலே நாங்கள் நாட்டைப் புடைத்துக்கொண்டிருந்தோம். எங்கள் காகிதம், நாற்காலி, சட்டை எல்லாமே ஏலக்காய் மணக்கும். சென்னையில் எங்கள் அறிக்கை உறையைப் பிரித்த அதிகாரி ஒருவர், உடனே ஆளைக் கூப்பிட்டு டீ கொண்டுவரச் சொன்னதாகக் கேள்வி.

மையத்தை நிறுவியவர்கள் மூன்று பேர். முதலாமவர் ஓய்வுபெற்ற பொருளாதாரப் பேராசிரியர். ‘வணக்கம்’ என்பதையே மூன்று உட்பிரிவுகளாகப் பிரித்துச் சொல்லக்கூடியவர். இரண்டாமவர் வக்கீலம்மா. மூன்றாமவரை எஸ்டேட்டார் என்போம். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டம் வைத்திருக்கிறவர். மாடியும் அவருடையதே. மூன்று பேருக்கும் தங்கமான மனசு. இந்த மலையடிவாரத்துக்கு என்ன தேவை என்று சென்னையில் உட்கார்ந்து யாரோ முடிவு செய்வதை விட, நாமே படித்து, நாமே எழுதிச் சொல்வோம் என்று ஆரம்பித்தார்கள். ஆரம்பித்ததும் ஆலோசகர்கள் வேண்டுமே என்று தேடினார்கள்.

இரண்டு பேர் கிடைத்தார்கள். ஒருவர் சென்னையில் இருந்த ஓய்வுபெற்ற அதிகாரி. எதைக் கேட்டாலும் போனில், “நல்லது, மேலே செல்லுங்கள்” என்பார். இன்னொருவர் வெளிநாட்டில் இருந்த அறிஞர். கம்ப்யூட்டர் திரையில் வருவார். எங்கள் மாடியில் இன்டர்நெட் அடிக்கடி நின்றுவிடும் என்பதால், பாதி வார்த்தையில் வாய் திறந்தபடி உறைந்து நிற்பார். அந்தத் திறந்த வாயைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு தீர்மானம் போடுவோம்.

உள்ளூரில் ஒருவர் இருந்தால் லெட்டர்பேடுக்கு நன்றாக இருக்கும் என்று வக்கீலம்மா சொன்னார். எஸ்டேட்டார்தான் தன் பால்ய சிநேகிதரான மூணு தரத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

முதல் கூட்டத்தில் பேராசிரியர், கோடைக்காலத் தண்ணீர்ச் சிக்கனம் பற்றிய பரிந்துரைகளை வாசித்தார். வாசித்தார், வாசித்தார், கரண்டு போய்த் திரும்பி வந்தது, இன்னும் வாசித்தார். எல்லாம் முடிந்ததும் மூணு தரம் எழுந்து நின்றார்.

“இதுக்கு சாம்பிள் எங்க வாத்தியாரய்யா?”

“என்ன சாம்பிள்?”

“மண்டபத்துல காய விலைக்கு விடுறதுக்கு முன்னால எல்லார் கையிலயும் சாம்பிள் குடுப்போம். மோந்து பாப்பாக, உரிச்சுப் பாப்பாக, கடிச்சுப் பாப்பாக. அப்புறந்தான் வெல. நீங்க மூட்டையத் தெறக்காமலே வித்துப்புட்டீகளே!”

“கொள்கையை எப்படிய்யா கடிச்சுப் பாக்குறது?” என்றார் பேராசிரியர், உண்மையான குழப்பத்தோடு.

“சொல்றேன். மொதப் பரிந்துரை என்னா? ஒரு ஆளு குளிக்க ஒரு வாளித் தண்ணி. இத எடுக்குறது யாரு? எடுக்குறவுக ஒரு வாரம் செஞ்சு பாக்கணும். ஒரு தரம்!”

கீழே முறங்கள் நின்றன. பேராசிரியர் சுற்றுமுற்றும் பார்த்தார். எழுதியவர் அவர், எடுக்காமல் இருக்க முடியுமா? “சரி, எனக்கு” என்றார். அடுத்தது, இறைச்சிக் கடைக்குப் பிளாஸ்டிக் பை வேண்டாம், பாத்திரம் கொண்டு போக வேண்டும் என்பது. தண்ணீர் அறிக்கைக்குள் அது எப்படி வந்தது என்று பேராசிரியருக்கே தெரியாது. வக்கீலம்மா எடுத்தார். மீதி இருந்ததில் பெரும்பகுதியை யாரும் எடுக்கவில்லை. “மூணு தரம்! எடுக்க ஆளில்ல, தள்ளு அங்கிட்டு” என்று ஒவ்வொன்றாகக் கழித்துக் கட்டினார்.

அந்த வாரத்தை எங்களில் யாரும் மறக்க முடியாது. பேராசிரியர் சோப்பு போட்ட பிறகு வாளி காலியாகி, கண் எரிச்சலோடு குளியலறையிலிருந்து பொருளாதாரம் பேசினாராம். அவருடைய மனைவி எனக்குப் போன் செய்து, “தம்பி, அந்த அறிக்கைய மாத்தி எழுதுறியா, இல்ல நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போகட்டுமா?” என்றார். வக்கீலம்மாவோ ஆட்டுக்கறி வாங்கிய தூக்குவாளியோடு அவசரத்தில் கோர்ட்டுக்கே போய்விட்டார். நாய் ஒன்று சாட்சிக் கூண்டு வரைக்கும் வந்தது.

அடுத்த சனிக்கிழமை பேராசிரியர் தாமே முன்வந்து ஒரு வாளியை இரண்டு வாளி ஆக்கினார். தூக்குவாளிக்கு நல்ல மூடி வேண்டும் என்று வக்கீலம்மா திருத்தம் கொண்டுவந்தார். நான் எழுதிய அறிக்கைகள் அன்றிலிருந்து இளைக்க ஆரம்பித்தன.

“நாலு பக்கத்தை எவன் மதிப்பான்?” என்று பேராசிரியர் புலம்பினார்.

“நாலு பக்கம்னாத்தான்யா படிப்பாக” என்றார் மூணு தரம்.

வீட்டிலும் இதே கதைதான். அவர் மனைவியை நான் அத்தை என்பேன். சோறு எடுத்து வைத்துவிட்டு அத்தை உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்: “சாப்புட வர்றீகளா, ஒரு தரம்!” இவர் பேச்சை விடமாட்டார். “ரெண்டு தரம்!” என்றதும் பாதி வாக்கியத்தில் எழுந்து ஓடுவார். மூணாவது தரம் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று ஒருமுறை கேட்டேன். “யாருக்குத் தெரியும்? இருந்து பாக்குற தைரியம் இல்ல மாப்ளே” என்றார்.

இப்போது ஜீப்பு விஷயத்துக்கு வருகிறேன்.

போடியிலிருந்து மலைத் தோட்டங்களுக்கு விடியற்காலையில் ஜீப்புகள் போகும். காய் எடுக்கிற காலத்தில் ஒரு ஜீப்பில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்பது ஏறுகிறவர்களுக்கே தெரியாது. உள்ளே, பின்னால், பக்கவாட்டில் என்று வண்டி தெரியாத அளவுக்கு ஆட்கள் தெரிவார்கள். பேராசிரியர் ஒருநாள் போடிமெட்டு வளைவு ஒன்றில் அப்படி ஒரு ஜீப்பின் பின் சக்கரம் ரோட்டை விட்டு வெளியே தொங்கியதைக் கண்ணால் பார்த்துவிட்டார். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மனிதர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அளவுக்கு மேல் ஆள் ஏற்றுவதை உடனே நிறுத்த வேண்டும் என்று அறிக்கை எழுதச் சொன்னார். அதிகாரிகளும் தயாராக இருந்தார்கள். “உங்கள் அறிக்கை கைக்கு வந்ததும் செக்போஸ்ட்டில் நிறுத்திவிடுகிறோம்” என்றார்கள்.

பேராசிரியர் சொன்னது நியாயம். ஆனால் விவரம் கேட்க நான் ராசிங்காபுரத்துக்குப் போனபோது செல்லத்தாயி என்ற பெண் சொன்னதும் நியாயமாகத்தான் இருந்தது. காய் எடுக்க மலைக்குப் போகிறவர். கணவர் இல்லை. மகள் நர்சு படிப்பில் அப்போதுதான் சேர்ந்திருந்தாள்.

“ஜீப்ப நிப்பாட்டிப்புட்டா நாங்க எதுல சார் போறது? இந்த சீசன்ல சம்பாரிச்சாத்தான் உண்டு. எம்மக படிப்பு நின்னு போகும் சார். ஒங்க மேடத்துகிட்ட, சாருககிட்ட எல்லாம் சொல்லுங்க.”

சொன்னேன். கூட்டத்தில் அதைக் கேட்டுவிட்டு மூணு தரம் எழுந்தார். “ஜீப்புல அளவுக்கு மேல ஏத்தக் கூடாது. இத எடுக்குறது யாரு? ஒரு தரம்!”

“எனக்கு!” என்றார் பேராசிரியர், மேசையைத் தட்டி.

“அப்பச் சரி. நாளைக்கு விடியக்காலம் செல்லத்தாயியையும் இன்னும் ரெண்டு பேரையும் சட்டப்படி தோட்டத்துல கொண்டுபோய் விடுங்க. அதான் சாம்பிள்.”

பேராசிரியரிடம் ஒரு சின்ன கார் இருந்தது. போடிக்குள் காய்கறி வாங்கப் போவதற்கென்றே பிறந்த வண்டி. முன்னால் பேராசிரியரும் மூணு தரமும், பின்னால் மூன்று பெண்களும் மூன்று தூக்குச்சட்டிகளும். வக்கீலம்மா ஸ்கூட்டரில் பின்தொடர்ந்தார். அவர் பின்னால் நான், கண்ணை மூடியபடி. எஸ்டேட்டார் மட்டும் சோலி இருக்கிறது என்று சொல்லி வரவில்லை.

ஒவ்வொரு வளைவுக்கும் பேராசிரியர் மூன்று முறை ஹாரன் அடித்து, எதிரே யாருமில்லை என்று தெரிந்த பிறகும் இன்னொரு முறை யோசித்துவிட்டுத் திரும்பினார். பாதி மலையில் காரின் மூக்கிலிருந்து புகை வந்தது. பெண்கள் இறங்கித் தள்ளினார்கள்.

“சார், நீங்களும் எறங்குங்க. வெயிட்டு கொறையும்” என்றார் செல்லத்தாயி.

“நான் இறங்கினால் யார் ஓட்டுவது?”

“நீங்க ஓட்டி நாங்க பயந்தது போதும் சார். சும்மா ஸ்டேரிங்க மட்டும் பிடிச்சுக்கிட்டு கூட நடந்து வாங்க!”

பெண்கள் சிரித்த சிரிப்பில் கார் இன்னும் ரெண்டு முழம் ஏறியது. அந்த நேரம்தான் காலை பஸ் எங்களைத் தாண்டிப் போனது. உள்ளே டிரைவர், கண்டக்டர், ஒரு கோழிக்கூடை. வேறு யாரும் இல்லை. கண்டக்டர் ஜன்னல் வழியாகக் கையாட்டிவிட்டுப் போனார். பேராசிரியர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அந்தக் காலி பஸ்ஸை அது வளைவில் மறைகிற வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

தண்ணீர் ஊற்றி, கார் மறுபடி உயிர்பெற்று, நாங்கள் தோட்டத்து வாசலை அடைந்தபோது பஸ் அங்கே வந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. கங்காணி அன்றைக்கு வேலைக்கு வந்தவர்கள் பேர் எழுதுகிற நோட்டோடு கேட்டருகில் நின்றார். மலையில் பிறந்து, தமிழ், மலையாளம் ரெண்டு பாஷையையும் ஒரே வாயில் பேசுகிறவர்.

“சாரே, சமயம் கழிஞ்சு. பேரு போட்டு முடிச்சாச்சு. இனி நாளைக்கு வரட்டும்.”

“பஸ்ஸே இப்போதுதானய்யா வந்தது!” என்றார் பேராசிரியர்.

“பஸ்சு தெனமும் இந்நேரந்தான் வரும் சாரே. அதான் ஆரும் அதுல வாறதில்ல.”

பேராசிரியருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. “அரை மணி பொறுத்துப் பேர் போட்டால் என்ன? அத்தனை பேரும் பஸ்ஸில் வரலாமே! யாருடைய தோட்டம் இது? யார் அந்த இரக்கமில்லாத முதலாளி?” என்று கேட்டபடியே வாசலில் இருந்த பலகையைப் படித்தார். படித்ததும் சத்தம் அடங்கிவிட்டது. எஸ்டேட்டார் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது.

மூணு தரம் சட்டைப்பையிலிருந்து ஒரு ஏலக்காயை எடுத்து உரித்தார். “சாம்பிள்னா மூட்டைக்கு அடியில கைய விட்டு எடுக்கணும் வாத்தியாரய்யா. மேலாப்புல எடுத்தா வெல தெரியாது.”

போன் போட்டதும் எஸ்டேட்டார் அசடு வழிந்து, அன்றைக்கு மட்டும் பெண்களின் பேரைச் சேர்க்கச் சொன்னார். அன்றைக்கு மட்டும்.

சனிக்கிழமை கூட்டம். சாயங்காலத்துக்குள் அறிக்கை வேண்டும் என்று அதிகாரிகள் கெடு வைத்திருந்தார்கள். ஜீப்பை மட்டும் நிறுத்தச் சொல்லும் பழைய அறிக்கை ஒரு பக்கம் தயாராக இருந்தது. வேறு எதையும் யாரும் எடுக்காவிட்டால் அதுதான் போகும்; அது போனால் செல்லத்தாயிக்கு அந்த சீசன் போச்சு. பேராசிரியர் புதிதாக ஒரே வரி எழுதி வந்திருந்தார். மூணு தரம் அதை வாங்கிப் படித்தார்.

“தோட்டத்துல பேரு போடுறத அரை மணி தள்ளி வைக்கணும். ஆளுக பஸ்சுல வரணும். அதுக்கப்புறம் ஜீப்புக்குக் கட்டுப்பாடு. எடுக்குறது யாரு? ஒரு தரம்!”

அந்த அறையில் தோட்டம் வைத்திருந்தவர் ஒருவர்தான். எல்லோரும் அவரைப் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டோம்.

“நான் ஒருத்தன் மட்டும் தள்ளி வச்சா பக்கத்துத் தோட்டத்துக்காரன் சிரிக்க மாட்டானா?” என்றார் எஸ்டேட்டார். “எங்கப்பா காலத்துல இருந்து அதே நேரம். கங்காணி என்னைய மதிப்பானா?”

“ரெண்டு தரம்.”

மூணு தரம் மூணாவதுக்குப் போகவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துண்டை உதறி மடித்தார். டீ வாங்கி வரச் சொல்லி, வந்த டீயை ஆற்றி ஆற்றி, சொட்டுச் சொட்டாகக் குடித்தார். எழுந்து ஜன்னலருகே போய், கீழே லோடு ஏற்றிக்கொண்டிருந்தவரிடம் அவர் மச்சினனுக்குப் பெண் பார்த்த கதையை முழுசாக விசாரித்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார். ரெண்டு தரம், ரெண்டு தரத்திலேயே நின்றது. கம்ப்யூட்டர் திரையில் வெளிநாட்டு ஆலோசகர் வழக்கம்போல் உறைந்திருந்தார். அன்றைக்கு எங்கள் எல்லோருடைய முகமும் அப்படித்தான் இருந்தது.

“யோவ், மூணாவதச் சொல்லித் தொலைய்யா!” என்று எஸ்டேட்டார் கத்தினார்.

“சொன்னா முடிஞ்சுரும் அப்பு. முடிஞ்சத நான் திரும்ப எடுத்ததில்ல.” மூணு தரத்தின் குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதே இல்லை. “ஒம் மொகத்துல இன்னும் வெல ஏறிக்கிட்டிருக்கு. நான் எதுக்கு முடிக்கணும்?”

எஸ்டேட்டார் தலை குனிந்தார். மேசையைப் பார்த்தார். கீழே முறம் புடைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில், மண்டபத்தில் வியாபாரிகள் தூக்குவார்களே, அதே மாதிரி ஒற்றை விரலைத் தூக்கினார்.

“எனக்கு.”

“மூணு தரம்!”

அந்தச் சத்தத்தில் டீ கிளாஸ் உருண்டது, புறாக்கள் பறந்தன, கீழே முறங்கள் எல்லாம் ஒரேயடியாக நின்றன. பேராசிரியர் எஸ்டேட்டாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இதில் உட்பிரிவு எதுவும் இல்லை. வக்கீலம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏலக்காய்த் தூசி என்றார்.

அறிக்கை ஒரு பக்கம்தான். சென்னை ஆலோசகர் போனில், “நல்லது, மேலே செல்லுங்கள்” என்றார். முதல்முறையாக அது சரியான பதிலாக இருந்தது. எஸ்டேட்டார் தோட்டத்தில் பேர் போடுவது அரை மணி தள்ளிப் போனது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் சிரிக்கத்தான் செய்தார். ஆனால் காய் எடுக்கிற பெண்கள் எல்லாம் எஸ்டேட்டார் தோட்டத்துக்கே வர ஆரம்பித்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு அவரும் நேரத்தை மாற்றினார். அப்புறம் மற்றவர்களும். கையாட்டிக்கொண்டு போன கண்டக்டர் இப்போது, “உள்ள போங்க ஆத்தா, உள்ள போங்க” என்று கத்தியே தொண்டை கட்டிக்கொள்கிறார். செல்லத்தாயிக்கு ஜன்னல் சீட்டு. மகள் நர்சு படிப்பை முடித்து, தேனியில் வேலைக்குப் போகிறாள்.

இதற்குப் பிறகு எனக்குச் சென்னையில், இந்தப் பத்திரிகையில், வேலை கிடைத்தது. போடி பஸ் நிலையத்தில் என்னை வழியனுப்ப எல்லோரும் வந்தார்கள். மூணு தரம் மட்டும் கொஞ்சம் ஒதுங்கியே இருந்தார். ஊருக்கே ஒலிபெருக்கியாக இருந்த மனிதர் துண்டை முறுக்கிக்கொண்டே நின்றார். பஸ் கிளம்பும்போது ஜன்னலோரம் வந்தார்.

“இந்த மாப்ள மெட்ராசுக்குப் போறாரு. ஒரு தரம்.”

நான் சிரித்தேன்.

“ரெண்டு தரம்.”

பஸ் நகர்ந்தது. அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தபடியே நின்றுகொண்டிருந்தார்.

வருஷங்கள் ஆகின்றன. நான் இப்போதும் அவருக்குப் போன் செய்கிறேன். காதிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துத்தான் பேச முடியும். அத்தை நலம், மலையில் மழை, பேராசிரியர் புதுக் கார் வாங்கிவிட்டார், அதுவும் சின்னதுதான், என்று எல்லாம் சொல்வார். வைக்கும்போது நான் ஒன்று கேட்பேன், அவர் ஒன்று சொல்வார். எனக்கு அது போதும்.

“மாமா, மூணாவது தரம்?”

“இன்னும் சொல்லல மாப்ளே.”